கோடை உஷ்ணமும் வளரும் கோழிகளும்

கடன் பணத்தைக் கொண்டு கோழி வளர்க்க முற்படும் ஐக்கிய சங்க அங்கத்தினர்கள், குஞ்சு வாங்குமுன் இரண்டு விஷயங்களை யோசிக்கவேண்டும். வாங்கும் ஜாதி எது? வாங்கும் மாதம் எது? இவ்விரண்டிலும் தவறினால் கோழி போய்விடும். கடன் மட்டும் நிற்கும். கே.ஜி.கண்டிகை, திருத்தணி பிரதேசங்களில் கத்திரி வெயிலில் உஷ்ணம் 104 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் ஏறுவது சகஜமாதலால், இவ்விஷயத்தில் இங்குள்ளோர் விசேஷ சிரத்தை கொள்ளுதல் அவசியம்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையா. அதன் தேக உஷ்ணம் சுமார் 106 டிகிரி. காற்று குளிர்ந்திருக்கும் வரையில் கொண்டை, தாடி, கால் முதலிய இறகில்லாத பாகங்களின் வழியாகத் தேகச்சூடு வெளியேறுகிறது. காற்றின் சூடு தேகச்சூட்டை நெருங்கும்போது அவ்வழி அடைபடுகிறது. அப்பொழுது கோழி வாயைத் திறந்து மூச்சிரைக்கிறது. மூச்சுடன் நீராவி வெளியேறிச் சூடு தணியுமாயினும், கரியமிலவாயுவும் மிஞ்சி வெளியேறுவதால் இரத்தத்தில் காரத்தன்மை அதிகரித்துக் கோழி சோர்கிறது. தீனி செரிக்கும்போதும் சூடு உண்டாகுமாதலால், அது தானாகவே தீனியைக் குறைத்துக்கொள்கிறது, வளர்ச்சி தடைப்படுகிறது.

எல்லா ஜாதிகளுக்கும் இக்கஷ்டம் ஒரே அளவினதன்று. ஆறு வாரத்தில் 2 கிலோ எடை காணும் கறிக்கோழி மிகுதியாகத் தின்று மிகுதியாகச் சூட்டை உண்டாக்குகிறது. உஷ்ணத்தில் முதலில் மாளுவதும் அதுவே. ரோட் ஐலண்டு ரெட் முதலிய கனத்த ஜாதிகள் அதற்கு அடுத்தபடியாகும். இத்தாலியிலிருந்து பரவிய வெள்ளை லெகார்ன் இலேசான தேகமும் பெரிய கொண்டையும் உடையதாகையால் ஓரளவு தாங்கும். நமது அசீல் மெதுவாக வளர்வது. ஆயினும் இறகடர்த்தி குறைந்து, கால் நீண்டிருப்பதால் வெயிலுக்கு ஏற்றது. மொட்டைக்கழுத்துக் கோழியும் அவ்வாறே. அதன் குணத்தைக் கொண்டே இஸத்நகர் மத்தியப் பறவைகள் ஆராய்ச்சி நிலையத்தார் ‘ஹிட்காரி’ என்னும் கலப்பினத்தை உண்டாக்கினர்.

இனி மாதத்தைக் கவனிப்போம். முதல் வாரத்தில் குஞ்சுக்குச் சுமார் 95 டிகிரி சூடு தேவை. ஆகவே பங்குனியில் இறக்கிய குஞ்சு முதலில் செழிப்பாகவே தோன்றும். அதைக் கண்டு ஏமாறலாகாது. ஐந்தாறு வாரங்களில் இறகு மூடிக் கனத்து நிற்கும் சமயத்தில் கத்திரி வந்துவிடும். கறிக்கோழிக் குஞ்சைத் தை மாதத்தில் இறக்கினால் பங்குனி முடிவதற்குள் விற்றுவிடலாம்.

கோடையில் வளர்த்தே தீரவேண்டியவர்கள் கீழ்க்கண்டவாறு செய்வார்களாக. கொட்டகையைக் கிழக்கு மேற்காக நீளவாட்டில் அமைத்துக் கீற்று வேய்க. விடியற்காலையிலும் மாலையிலும் தீனி வைத்து, நண்பகலில் நிறுத்துக. சாதாரண நாளில் தீனியின் எடையைப் போல் இருமடங்கு நீர் குடிக்கும் கோழி, கோடையில் அதனினும் வெகு அதிகம் குடிக்கும். மண்பாண்டங்களில் வைத்து அடிக்கடி புது நீர் மாற்றுக. நெருக்கமாக அடைக்காதீர். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடுவதையும், கோழிகளைப் பிடித்து ஏற்றுவதையும் விடியற்காலையிலேயே முடித்துக்கொள்க.

சங்கத்துப் பஞ்சாயத்தாரும் கடன் மனுவைப் பரிசீலிக்கையில், ஜாமீனை மட்டும் பாராமல், கோழியின் ஜாதியையும் குஞ்சு இறக்கும் மாதத்தையும் கொட்டகையின் நிழலையும் விசாரிப்பது நலம். அங்கத்தினரின் கோழி பிழைத்தால்தான் சங்கத்தின் பணமும் தவணைப்படி திரும்பி வரும்.