இரண்டு மாநில டவர்களுக்கு நடுவே ஒரு போன்

காலையில் நூறு காட்டிய சார்ஜ் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முப்பதுக்கு இறங்கிவிடுகிறது. அவசரமாகப் பணம் அனுப்பும் நேரம் பார்த்துத் திரை உறைந்து நிற்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த கல்யாணப் படங்களை இறக்கப் போனால் இடமில்லை என்கிறது. போன் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று எவருக்கும் இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. பாறசாலையிலோ களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ கடைக்குப் போனால், பட்ஜெட்டைக் கேட்டுவிட்டு இரண்டு மூன்று மாடல்களை எடுத்துப் பரப்புவார்கள். கேமரா 50 மெகாபிக்சலா 108-ஆ, ரேம் ஆறா எட்டா, எவ்வளவு நேரத்தில் சார்ஜ் ஏறும் என்று பேச்சு ஓடும். இந்த ஒப்பீடு சென்னையில் இருப்பவருக்குப் போதுமானதாக இருக்கலாம். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் எல்லையோர ஊர்களில் இருப்பவருக்குப் போதாது. இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எல்லா நிறுவனங்களின் சிம்மும் இந்தப் போனில் முழுசாக வேலை செய்யுமா? இன்னும் எத்தனை வருஷம் தயாரித்தவன் இதைக் கவனித்துக்கொள்வான்? இவற்றுக்கு விடை தெரிந்த பிறகு கேமராவைப் பற்றிப் பேசலாம்.

இந்தக் கேள்விகள் இங்கே முந்துவதற்குக் காரணம் ஒரு மாநில எல்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அன்று விழுந்த கோடுதான் பிற்பாடு தொலைத்தொடர்பு வட்டங்களின் கோடும் ஆனது. இஞ்சிவிளை வரை கேரள வட்டம், களியக்காவிளையிலிருந்து தமிழ்நாடு வட்டம். மனிதர்கள் அந்தக் கோட்டை ஒரு நாளில் நாலு முறை தாண்டுவார்கள். பனச்சமூட்டில் சந்தைக்குப் போகிறவருக்கு எல்லை எங்கே என்பதே நினைவில் இருக்காது. ஆனால் போன் மறக்காது. ரோமிங் கட்டணம் இருந்த நாட்களில், சொந்த வீட்டு முற்றத்தில் நின்றபடியே பக்கத்து மாநிலத்து டவரைப் பிடித்துக் காசு கழிந்த கொடுமை எல்லைக்காரர்களுக்குப் பழக்கம். 2015 ஜூலையில் எண்ணை மாற்றாமலே வட்டம்விட்டு வட்டம் போகும் வசதி வந்தது. 2016 செப்டம்பரில் ரோமிங் கட்டணமே இல்லை என்று ஜியோ வந்தது. அடுத்த ஏப்ரலில் ஏர்டெல்லும் அந்தக் கட்டணத்தை எடுத்தது. காசு போவது நின்றது. ரேஞ்ச் மட்டும் இன்னும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறது. ஒரு நிறுவனத்தின் டவர் திண்ணையில் கிடைக்கும், அடுக்களையில் கிடைக்காது, இன்னொன்றுக்கு நேர்மாறு. அதனால்தான் இங்கே இரண்டு சிம் என்பது பகட்டு இல்லை. ஆதார், வங்கி, ரேஷன் எல்லாம் ஒரு எண்ணில் இருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கத்து வேலையும் உறவும் இன்னொன்றில்.

இந்த இரண்டு சிம்முக்கும் ஆகிற செலவைப் போன் விலையோடு வைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. 2024 ஜூலைக் கட்டண உயர்வின்போது ஜியோவில் நாளுக்கு 2 ஜிபி தரும் 28 நாள் திட்டம் 349 ரூபாய் ஆனது. வரம்பில்லாத 5ஜி வேண்டுமானால் நாளுக்கு 2 ஜிபிக்குக் குறையாத திட்டம் போட வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. வருஷத்துக்கு 13 முறை போட்டால் 4,537 ரூபாய். ஒன்பதாயிரத்துக்கு வாங்கிய போனின் விலையை ரீசார்ஜ் இரண்டு வருஷத்தில் தாண்டிவிடும். கடையில் ஐந்நூறு ரூபாய் குறைக்க அரைமணி நேரம் பேசுகிறவர், ஒரே நிறுவனத்துக்குக் கட்டுப்பட்ட போனை வாங்கிவிட்டு, அந்த நிறுவனம் கேட்பதை எல்லாம் வருஷக்கணக்கில் கட்டிக்கொண்டிருப்பார்.

அப்படிக் கட்டுப்பட்ட போன் உண்டா என்று கேட்கலாம். உண்டு. 2024 நவம்பரில் ரெட்மி ஏ4 5ஜி 8,499 ரூபாய்க்கு வந்தது. அந்த விலைக்கு 5ஜி என்பது அன்றைக்குப் பெரிய செய்திதான். ஆனால் அதிலிருந்த ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 சிப், 4ஜியின் துணையில்லாமல் தனித்து நிற்கும் 5ஜியை மட்டுமே பிடிக்கும். ஜியோ தன் 5ஜியை அப்படித்தான் கட்டியிருக்கிறது. ஏர்டெல்லோ பழைய 4ஜியின் முதுகில் ஏற்றித் தன் 5ஜியைத் தொடங்கியது. ஆகவே அந்தப் போனில் ஏர்டெல் சிம் போட்டால் அன்று 4ஜி மட்டுந்தான் வந்தது. அடுத்த மாதம் வந்த போகோ சி75 5ஜியிலும் அதே சிப், அதே கதை. பெட்டியின்மேல் ‘5ஜி’ என்று அச்சிட்டிருந்தது பொய்யில்லை, பாதி உண்மை. 2025 பிப்ரவரியில் 10,499 ரூபாயில் தொடங்கிய சாம்சங் கேலக்ஸி ஏ06 5ஜி, பன்னிரண்டு 5ஜி அலைவரிசைகளோடு எல்லா நிறுவனங்களுக்கும் ஒத்துவரும் என்று சொல்லியே விற்பனைக்கு வந்தது. வித்தியாசம் 2,000 ரூபாய். மேலே போட்ட கணக்கில் பார்த்தால் அது ஐந்தாறு மாத ரீசார்ஜ். திருவனந்தபுரம் நகரத்துக்குள் ஜியோவை மட்டுமே வைத்துக் காலம் தள்ளுகிறவருக்கு ரெட்மி நல்ல பேரம். இரண்டு நிறுவனங்களை மாற்றி மாற்றி நம்ப வேண்டிய செறுவாரக்கோணத்துக்காரருக்கு இல்லை.

‘5ஜியே எதற்கு, 4ஜி போதாதா?’ என்பது நியாயமான மறுப்பு. யுபிஐக்கும் வாட்ஸ்அப்புக்கும் யூடியூபுக்கும் 4ஜி தாராளம். ஆனால் 4ஜியிலும் இதே சங்கதி இருக்கிறது. பி.எஸ்.என்.எல். தன் உள்நாட்டு 4ஜியை 2025 செப்டம்பர் 27-இல் நாடு முழுக்கத் தொடங்கி வைத்தது. அதற்குக் கையில் இருப்பது 700 மெகாஹெர்ட்ஸும் 2100-உம். 700 தாழ்ந்த அலை. தொலைவு போகும், சுவரையும் ரப்பர்த் தோட்டத்தையும் ஓரளவு ஊடுருவும். வெள்ளறடைப் பக்கத்து மேடுபள்ளங்களுக்கு வேண்டியதும் அதுதான். ஜியோவின் 5ஜியும் 700-இல் ஓடுகிறது. ஆனால் பழைய போன்கள் பலவற்றில் இந்த அலைவரிசைக்கு இடமில்லை, அதன் தொழில்நுட்பப் பெயர் பேண்ட் 28. ‘பி.எஸ்.என்.எல்லுக்கு ரேஞ்சே இல்லை’ என்று டவரைத் திட்டுகிறவர்களில் சிலர் உண்மையில் தங்கள் போனைத்தான் திட்ட வேண்டும். வாங்குமுன் அந்த மாடலின் விவரப் பட்டியலில் 4ஜி பேண்டுகளில் 28-உம், 5ஜியில் n28, n78 இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்தால் வேலை முடிந்தது. இரண்டாம் சிம்மும் மெமரி கார்டும் ஒரே துளையைப் பங்குபோடும் மாடலா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ரேஞ்ச் குறைந்த இடத்தில் போன் டவரை எட்டிப்பிடிக்கக் கூடுதல் சக்தியைச் செலவழிக்கும். எல்லையில் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்ற புலம்பலில் ஒரு பங்கு இதனால்தான்.

அடுத்தது வருஷக் கணக்கு. ஒரு போனின் ஆயுள் அதன் கண்ணாடியோடு முடிவதில்லை. பாதுகாப்பு அப்டேட் நிற்கும் நாளில் அது முதுமைக்குள் போகிறது. 2025 மே 5-ஆம் தேதி ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் ஆகியவற்றில் வாட்ஸ்அப் நின்றது. அந்தப் போன்கள் உடைந்ததால் அல்ல, புதிய இயங்குதளம் அவற்றில் ஏறாததால். இந்தப் பாதுகாப்புக் காலத்தால் போன்களின் விலையை வகுத்துப் பார்த்தால் படம் மாறுகிறது. வெளியீட்டு விலையையும் நிறுவனமே சொன்ன பாதுகாப்புக் காலத்தையும் எடுத்துக்கொண்டால், ரெட்மி ஏ4க்கு நான்கு வருஷம், வருஷத்துக்கு ஏறத்தாழ 2,125 ரூபாய். கேலக்ஸி ஏ06க்கும் நான்கு, 2,625 ரூபாய். 18,999 ரூபாய்க்கு வந்த கேலக்ஸி ஏ16 5ஜிக்கு ஆறு வருஷம், 3,167 ரூபாய். 49,999 ரூபாய் பிக்சல் 9ஏவுக்கு ஏழு, 7,143 ரூபாய். 79,999 ரூபாய்க்கு வந்த எஸ்24க்கும் ஏழுதான். வருஷத்துக்குப் பதினோராயிரத்தைத் தாண்டுகிறது. விலை கூடினால் ஆயுளும் கூடி ஈடாகிவிடும் என்ற விற்பனைப் பேச்சு இந்தக் கணக்கின்முன் நிற்காது. இருபதாயிரத்துக்கு மேல் கொடுப்பதெல்லாம் கேமராவுக்கும் வேகத்துக்கும் பெருமைக்குமான விலை. கொடுக்கக் கூடாது என்றில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம்.

இந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது, மறைப்பதற்கில்லை. 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் உள்ள போனுக்கு நான்கு வருஷ அப்டேட் கொடுத்தால், மூன்றாம் வருஷம் அந்த அப்டேட்டை இறக்கவே இடம் தேட வேண்டியிருக்கும். எனவே மலிவான போனின் நான்கு வருஷத்தை மூன்று என்று எண்ணுவதே நியாயம். அப்படி எண்ணினால் ரெட்மியின் வருஷச் செலவு 2,833-க்கு ஏறி ஏ16-ஐ நெருங்குகிறது, ஏ06-இன் செலவு 3,500-க்கு ஏறி அதைத் தாண்டியே விடுகிறது. இன்னொன்று, நிறுவனங்கள் சொல்லும் வருஷம் மாடல் வெளியான நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது, நாம் பில் போட்ட நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய மாடல் ஏற்கெனவே ஒன்றரை வருஷத்தைத் தின்றிருக்கலாம். ‘ஆறு வருஷம் ஒரு போனை யார் வைத்திருக்கிறார்கள்?’ என்று கடைக்காரர் சிரிப்பார். அவர் சிரிப்பதில் அவருக்கு லாபம். பெரும்பாலும் போனை மாற்ற வைப்பது பேட்டரிதான், பேட்டரியை மாற்றலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறிய பிறகும் 80 சதவீதம் திறனோடு இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. நாளுக்கொரு முறை ஏற்றினால் அது இரண்டு வருஷமும் இரண்டு மூன்று மாதமும். சட்டமே எதிர்பார்க்கும் ஆயுள் அவ்வளவென்றால், மூன்றாம் வருஷம் பேட்டரி மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். அதற்கு அந்த நிறுவனத்தின் அங்கீகரித்த சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். வாரண்டி நாடு முழுவதற்கும் என்றால் திருவனந்தபுரத்துக்கும் போகலாம், நாகர்கோவிலுக்கும் போகலாம். எல்லையில் இருப்பதில் உள்ள ஒரு சௌகரியம் இது.

கேமராவைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பின்னால் நாலு வட்டம் இருந்தால் நாலு கேமரா என்று எண்ண வேண்டாம். மலிவு மாடல்களில் 2 மெகாபிக்சல் வட்டங்கள் எண்ணிக்கைக்காக ஒட்டப்பட்டவை. கோயில் திருவிழாவை ராத்திரியில் படம் பிடிக்க வேண்டுமென்றால் கை நடுக்கத்தைச் சமன் செய்யும் ஓ.ஐ.எஸ். உள்ளதா என்று பார்க்கலாம், அவ்வளவே. மொழி விஷயத்திலும் கவலை குறைந்துவிட்டது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2016-ஆம் ஆண்டு விதி, இங்கே விற்கும் போன்களில் அட்டவணை மொழிகள் அனைத்தையும் படிக்க முடிய வேண்டும் என்கிறது. தமிழில் ஒரு வரியும் மலையாளத்தில் மறு வரியும் தட்டுகிற வீட்டுக்கு எந்தப் போனும் தடையாக இருக்காது.

தண்ணீர் வேறு விஷயம். இடவப்பாதியும் துலாமழையும் இரண்டும் நனைக்கும் ஊர் இது. ஐபி54 என்றால் மழைத்தூறலும் தெறிப்பும் தாங்கும். கிணற்றுத் தொட்டியில் விழுந்தால் தாங்க ஐபி67-ஓ 68-ஓ வேண்டும். அந்தச் சோதனைகளும் நல்ல தண்ணீரில் நடப்பவை. பொழியூரிலும் நீரோடியிலும் கடலுக்குப் போகிறவர்கள் ஐபி68-ஐ நம்பி விலையை ஏற்றிக்கொள்வதைவிட, கழுத்தில் மாட்டும் வாட்டர்ப்ரூஃப் உறையும் மலிவான போனும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். சார்ஜ் துளையில் உப்பு ஏறினால் விலையுயர்ந்த போனும் கருணை பார்க்காது.

‘வளைகுடாவில் இருக்கிற மகன் வாங்கி வருகிறானே, இத்தனை ஆராய்ச்சி எதற்கு?’ என்று கேட்கும் வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம். அங்கும் நிலைமை மாறியிருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17 வரிசை, அமீரகம், சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய நாடுகளில் சிம் துளையே இல்லாமல், இ-சிம் மட்டுமாக விற்கப்படுகிறது. இந்தியாவில் விற்பதில் துளை இருக்கிறது. இங்கே இ-சிம் கிடைக்காமல் இல்லை. ஆனால் டிஸ்பிளே செத்துப்போன ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம், சிம்மைக் கழற்றி வீட்டிலிருக்கும் பழைய போனில் போட்டு ஓ.டி.பி. வாங்கும் வசதி சிம் துளையோடு போய்விடும். இரண்டு மாநிலத்து எண்களை வைத்துக்கொண்டிருப்பவர் இதை யோசித்துவிட்டே மகனிடம் சரி சொல்ல வேண்டும். யாரோ கொண்டுவந்த செகண்ட் ஹேண்ட் போன் என்றால் *#06# அடித்து வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

எந்தப் பக்கம் வாங்குவது? பெட்ரோலுக்கு எல்லை தாண்டிப் பழகிய கை போனுக்கும் தாண்டப் பார்க்கும். ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலைக்கு முன் அதில் அர்த்தம் இருந்தது. வாட் வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பிறகும் 2019 ஆகஸ்டிலிருந்து 2021 ஜூலை வரை கேரளம் ஒரு சதவீத வெள்ள நிவாரண வரி போட்டது. 15,000 ரூபாய் போனுக்கு அது நூற்றுச் சொச்சம் ரூபாய். மார்த்தாண்டத்துக்குப் போய்வரும் செலவுக்குச் சரியாகப் போயிருக்கும். இன்று இரு பக்கமும் 18 சதவீதம்தான். வித்தியாசம் பருவத்தில் இருக்கிறது: இந்தப் பக்கம் ஓணச் சலுகை, அந்தப் பக்கம் தீபாவளிச் சலுகை. இரண்டுக்கும் இடையே ஒன்றிரண்டு மாதம் காத்திருக்க முடிந்தவருக்கு இரண்டு வாய்ப்பு. சலுகைப் பலகையில் பெரிதாகப் போட்டிருக்கும் எக்ஸ்சேஞ்ச் போனஸ் பெரும்பாலும் புதுப் போனின் தள்ளுபடியைப் பழைய போனின் பெயரில் காட்டுவது. பழையதைக் கொடுக்காமல் என்ன விலை என்று தனியாகக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

பழையதைக் கொடுப்பதானால் புதியதில் வங்கிச் செயலிகளும் யுபிஐயும் பதிந்து முடிந்த பிறகே கொடுக்க வேண்டும், கூகுள் கணக்கை நீக்கிவிட்டு. புதுப் போனில் யுபிஐ பதிந்த முதல் 24 மணி நேரத்துக்கு அனுப்பும் தொகைக்கு வரம்பு உண்டு. உத்திராடத்தன்று போனை மாற்றிவிட்டு அன்றைக்கே அதை வைத்து ஓணச் சாமான் முழுவதும் வாங்கக் கிளம்புகிறவர், பையில் கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள்ளட்டும்.