வாரிசைச் சொல்லும் பிரமாணப் பத்திரம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒருவர் உயில் எழுதாமல் காலமானால், அவருடைய நிலம், அவர் வைத்த கடன்களுக்கு உட்பட்டு, அந்த க்ஷணமே வாரிசுகளைச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் வாரிசுகள் யார் யார் என்பதை எந்தக் கிரயப் பத்திரமும் சொல்வதில்லை. நீதிமன்றம் சென்று நிர்ணயம் பெறலாம். அதற்கான பொருட்செலவைத் தாங்கமாட்டாத எளிய குடும்பங்கள், பாட்டனார் பெயரிலேயே வீட்டை வைத்துக்கொண்டு, விற்கவும் வகையின்றி, அதன்பேரில் கடன் வாங்கவும் வழியின்றித் தவிப்பது உள்ளபடியே வருந்தத்தக்கது.

இத்தகையோருக்குக் கைகொடுப்பதே வாரிசுப் பிரமாணப் பத்திரம். இறந்தவரை நெடுநாள் அறிந்த ஒருவர், அவர் எங்கே எப்போது இறந்தார், எத்தனை முறை மணம் புரிந்தார், பிள்ளைகள் எத்தனை பேர், சுவீகாரப் பிள்ளை உண்டா, கடன் பாக்கி உண்டா என்பவற்றையெல்லாம் நோட்டரியின் முன் சத்தியம் செய்து எழுதிக் கையொப்பமிட, அது கவுண்டி கிளார்க் எனும் மாவட்டப் பதிவு அதிகாரியின் நிலப் பதிவேட்டில் ஏறுகிறது. சொத்தில் பங்கில்லாத இருவர் இவ்வாறு சொல்லவேண்டும் என்பது நில உரிமையை ஆராய்ந்து அதற்குக் காப்பீடு தரும் அங்குள்ள டைட்டில் கம்பெனிகளின் வழக்கம்.

குறுக்கு விசாரணைக்கு உட்படாத ஒருவரின் எழுத்து எப்படிச் சாட்சியமாகும் என்ற ஐயம் நியாயமானதே. பொதுவாக அத்தகைய எழுத்தைச் செவிவழிச் செய்தியென்று நீதிமன்றம் தள்ளிவிடும். ஆயினும் ஒரு குடும்பத்தின் பழைய வரலாற்றை அறிந்த முதியவர்கள் வழக்கு வரும்வரை உயிரோடிருப்பதில்லை; அவர்களோடு அவர்கள் அறிந்ததும் மறைந்துவிடும். இதை உணர்ந்தே, 2014-இல் நடைமுறைக்கு வந்த டெக்சாஸ் எஸ்டேட்ஸ் சட்டத் தொகுப்பின் 203-ஆம் அத்தியாயம், பதிவேட்டில் ஏறி 5 ஆண்டு நிரம்பிய பிரமாணப் பத்திரம் குடும்ப வரலாற்றைப் பற்றிக் கூறுவதை, மாறாக நிரூபிக்கப்படும் வரை உண்மையென ஏற்கத்தக்க சாட்சியமாக்குகிறது. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கக்கூடிய ஏட்டில் 5 ஆண்டு கிடந்தும் மறுப்பு எழவில்லை என்பதே அதற்குப் பலம் தருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இப்பத்திரம் நிலத்தை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றுவதில்லை. வாரிசு இன்னார் என்று சாட்சி மட்டுமே கூறுகிறது. அதில் பிழையிருந்தால், வழக்கில் சம்பந்தப்பட்ட எவரும் உண்மையை நிரூபிக்கலாம். தூர தேசத்திற்கு வாழப்போன மகளோ, முதல் மனைவியின் மகனோ, அறியாமையாலோ வேண்டுமென்றோ விடுபட்டிருந்தால், அவர்கள் அந்தப் பதிவேட்டை ஒருநாளும் பார்த்திராவிடினும், அவர்களுடைய பாத்தியதை இப்பத்திரத்தால் அற்றுப்போவதில்லை.