ஊர் சுற்றி வந்த நாரத்தை

சுருள் சுருளாக நறுக்கி, உப்பு அடைத்து, வெயிலில் காயவைத்த நார்த்தங்காய். தயிர்சாதத்துக்கு இதை மிஞ்சிய துணை கிடையாது என்பது என் கட்சி. அந்த ஜாடிக்குள் கிடக்கும் பெயருக்கு ஸ்பெயின் வரை சொந்தபந்தம் உண்டு.

சமஸ்கிருதத்தின் 'நாரங்க' திராவிட மொழியிலிருந்து போன சொல் என்பது சொல்லாய்வாளர்கள் பலரின் கருத்து. நம் நாரத்தை, எலுமிச்சைக்கு மலையாளிகள் சொல்லும் நாரங்ங எல்லாம் ஒரே குடும்பம். (திராவிடம் என்கிறார்கள், தமிழ் என்றல்ல. மார்தட்டப் போகிறவர்கள் கவனிக்க.) பாரசீகத்தில் அது நாரங், அரபியில் நாரஞ்ஜ். அரபிகள் மரத்தையும் பெயரையும் சேர்த்தே சிசிலிக்கும் ஸ்பெயினுக்கும் கொண்டுபோனார்கள். ஸ்பானியர்களுக்கு அது நாரன்ஹா ஆனது. போர்ச்சுகீசியர் வாயில் 'ந' போய் 'ல' வந்து, லரான்ஜா.

வேடிக்கை நடந்தது இத்தாலியில். அங்கே 'ஒரு' என்பதற்கு 'உன்', 'உனா'. 'உனா நரான்ச்சா' என்று நான்கு முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். 'ன' முன்சொல்லுடையதா, பழத்துடையதா என்று காதுக்குப் பிடிபடாது. பழம் தன் தலையெழுத்தை இழந்து அரான்ச்சா ஆனது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கத்தை 'ஒர்' என்பார்கள். பழத்தின் நிறமும் தோதாக இருக்க, ஒராஞ்ஜ் என்றே நிலைத்தது. ஆங்கிலேயர்கள்தான் இந்த எழுத்தைத் தொலைத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. பாவம், அவர்கள் கைக்கு வரும்போதே அது இல்லை. ஏப்ரன் விஷயத்தில் வேண்டுமானால் குற்றம் சாட்டலாம். அது 'நேப்ரன்' ஆக இருந்த சொல்.

அரபிகள் கொண்டுபோனது கசப்பு ரகம். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் போர்ச்சுகீசிய வணிகர்கள் இனிப்பு ரகத்தைப் பரப்பியதும் பெயர்கள் கிளை பிரிந்தன. கிரேக்கர்களுக்குக் கசப்பது நெராந்த்சி, இனிப்பது போர்த்துகல் பெயரில் போர்த்தொகாலி. டச்சுக்காரர்கள் சினாஸ்அப்பல், அதாவது சீனத்து ஆப்பிள், என்கிறார்கள். கால்பந்து மைதானத்தை ஆரஞ்சு நிறத்தால் நிரப்பும் நாட்டில் பழத்துக்கு அந்தப் பெயரே இல்லை! அந்த நிறமும் அவர்களுடைய அரச வம்சத்தின் பெயரால் வந்தது. வம்சத்துக்குப் பெயர் தந்தது தெற்கு பிரான்சின் ஒராஞ்ஜ் நகரம். அதன் பழைய பெயர் அராவ்சியோ. பழத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நம்மிடம் கிச்சிலி என்றொரு பெயர் இருந்தும், ஆங்கிலம் வழியே வந்த 'ஆரஞ்சு'தான் வாயில் ஒட்டிக்கொண்டது. கடையில் அரை டஜன் ஆரஞ்சு கேட்டு வாங்கிவந்து, நார்த்தங்காய் ஜாடிக்குப் பக்கத்திலேயே வைக்கிறோம்.