கண்ணாடி போட்டவருக்கு எந்தப் பைனாகுலர்?

பைனாகுலரின் மேல் 8×42, 10×50 என்று இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதலாவது உருப்பெருக்கம், இரண்டாவது முன்பக்க வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். கடைகளில் பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டோடு முடிந்துவிடும். மூக்குக் கண்ணாடி அணிபவர் கேட்க வேண்டிய மூன்றாவது எண் விவரக் குறிப்பில்தான் கிடைக்கும். அதன் பெயர் ‘ஐ ரிலீஃப்’. பின்பக்க வில்லையிலிருந்து கண் எவ்வளவு தள்ளியிருந்தால் காட்சியின் முழு வட்டமும் தெரியும் என்பதே அந்த அளவு.

மூக்குக் கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மி.மீ. தள்ளி நிற்கிறது, அதன் தடிமன் வேறு. ஆகவே ஐ ரிலீஃப் 15 மி.மீ.க்குக் குறைந்தால் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்படும். கண்ணாடி தடிமனாக இருந்தால் 17 அல்லது 18 நல்லது. சில நிறுவனங்கள் இந்தத் தூரத்தை ரப்பர் வளையத்துக்குள் பதுங்கியிருக்கும் வில்லையின் பரப்பிலிருந்து அளக்கின்றன; காகிதத்தில் காட்டும் 16 மி.மீ. பயன்பாட்டில் அதைவிடக் குறைந்துவிடும். எனவே விவரக் குறிப்பை மட்டும் நம்பாமல், சொந்தக் கண்ணாடியோடு கடைக்குப் போய்ப் பார்ப்பதே சரியான சோதனை. ரப்பர் வளையத்தை முழுவதும் இறக்கிவிட்டு நோக்கும்போது, காட்சி வட்டத்தின் கறுப்பு விளிம்பு சுற்றிலும் கூர்மையாகத் தெரிய வேண்டும். கண்ணாடி இல்லாமல் பார்ப்பவர் அதே வளையத்தை உயர்த்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் காட்சியில் கரு நிழல்கள் அலையும்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கலாமே என்றால், அது எந்த வகைக் குறை என்பதைப் பொறுத்தது. வெறும் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ இருந்தால் நடுச் சக்கரமே அதை ஈடுகட்டிவிடும். ஆனால் பவர் மிக அதிகமானவர்களுக்குச் சக்கரம் கடைசிவரை திரும்பியும் தொலைவுக் காட்சி தெளியாமல் போகலாம். சிலிண்டர் பவர் எனப்படும் ஆஸ்டிக்மாடிசத்தை எந்தச் சக்கரமும் திருத்தாது. தொலைவிலுள்ள மின்கம்பம் ஒன்றைக் கண்ணாடி இல்லாமல் நோக்கினால் அது புரியும்: நிற்கும் கம்பம் தெளியும்போது குறுக்குச் சட்டம் மங்கும், சட்டத்தைத் தெளியவைத்தால் கம்பம் மங்கும். சிலிண்டர் அரை அளவுக்குள் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்றைத் தாண்டினால் கண்ணாடி மூக்கிலேயே இருக்கட்டும். மருத்துவர் பிரிஸம் சேர்த்து எழுதிக்கொடுத்த கண்ணாடிக்கும் இதே விதி.

இரு கண்களின் பவர் வேறுபாட்டுக்காகப் பெரும்பாலும் வலப்பக்கக் குழாயில் டயாப்டர் வளையம் ஒன்று உண்டு. பலர் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடுவதே இல்லை. முதலில், இரு வட்டங்களும் ஒன்றாகும்வரை நடுக்கீலை மடக்கி, கண்களின் இடைவெளிக்குப் பொருத்த வேண்டும். பிறகு வலப்பக்க முன்வில்லையைக் கையால் மறைத்து, இடக்கண்ணால் தொலைவிலுள்ள பெயர்ப்பலகை ஒன்றைச் சக்கரத்தால் தெளிவாக்க வேண்டும். அடுத்து இடப்பக்கத்தை மறைத்து, சக்கரத்தைத் தொடாமல், வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்துகளை வலக்கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். கண்ணை இறுக மூடுவதைவிட வில்லையை மறைப்பது மேல். ஒரு கண்ணை இறுக்கினால் மற்றதும் சுருங்கும். வளையத்தின் எல்லை பொதுவாகக் கூட்டலிலும் கழித்தலிலும் மூன்று, நான்கு அளவுதான். ஒரு கண்ணில் மட்டும் புரை அறுவை செய்து, மற்றதில் அதிகக் கிட்டப்பார்வை மிஞ்சியவர்களுக்கு அது போதாமல் போகலாம். அவர்களுக்கும் கண்ணாடியே வழி.

வெள்ளெழுத்துக்கு மட்டும் கண்ணாடி அணிபவர் அதைக் கழற்றிவிடலாம். இருபவர், பல்பவர் கண்ணாடிகளில் மேற்பகுதி வழியாகத்தான் பைனாகுலரை நோக்க வேண்டும். வேடந்தாங்கலின் பார்வைக் கோபுரத்தில் நின்று கீழே நீரை நோக்கும்போது கண் தானாகவே படிக்கும் பகுதிக்கு நழுவும். பறவை மங்கும், பழி பைனாகுலர் மேல் விழும்!

வயதோடு வரும் மாற்றங்களுக்கு வேறொரு கணக்கு. விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 8×42க்கு 5.25 மி.மீ., 8×25க்கு சுமார் 3 மி.மீ. இளம் கண்ணின் பாவை இருட்டில் 7 மி.மீ. வரை விரியும், முதுமையில் 5 மி.மீ. விரிவதே அரிது. ஆகவே முதியவர் 7×50 போன்ற கனத்த கருவியைச் சுமப்பதில் ஒளி ஆதாயம் அதிகமில்லை. மிகச் சிறிய கருவியிலும் சிக்கல் உண்டு: ஒளிக்கற்றை குறுகும்போது கண்ணில் மிதக்கும் நூல்களும் புள்ளிகளும் துலக்கமாகத் தெரியும், கண்ணைச் சரியான இடத்தில் நிறுத்துவதும் கடினம். ஆரம்பநிலைப் புரை உள்ளவர்களுக்கு ஒளிச்சிதறல்தான் தொல்லை. எல்லா வில்லைப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு உள்ள கருவியும், சூரியனுக்கு முதுகு காட்டி நிற்பதும் உதவும்.

உருப்பெருக்கத்தின் மேலுள்ள மோகம் எல்லா வயதினருக்கும் கெடுதல். 10 மடங்கு கருவி பறவையோடு கை நடுக்கத்தையும் 10 மடங்காக்குகிறது. நடுங்கும் கைக்கு 7 அல்லது 8 மடங்கே அதிக விவரம் காட்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் முக்காலி தேவை, அல்லது விலை கூடினாலும் அதிர்வு தணிக்கும் கருவி.

கண்ணாடியாலும் திருத்த முடியாத குறைபார்வையில் கணக்கு எளிது. 6/60 பார்வை உள்ளவர் 4 மடங்குக் கருவியால் ஏறக்குறைய 6/15 அளவுக்குப் பார்க்கலாம். பேருந்து எண்ணுக்கும் கிரிக்கெட் மைதானப் பலகைக்கும் அது பெரும்பாலும் போதும். ஒரு கண் மட்டுமே தெளிவானவர்களுக்கு உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைக்குழல் கருவி விலையும் கனமும் குறைந்தது. முற்றிய கிளாக்கோமாவில் பார்வைப் புலமே குறுகிவிடுவதால் உருப்பெருக்கம் அதை மேலும் அடைத்துவிடும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா போன்றவற்றில் குறைபார்வைச் சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. எத்தனை மடங்கு பொருந்தும் என்பதை அங்கே சோதித்துத் தெரிந்துகொண்ட பிறகு கடைக்குப் போவது நல்லது.