புரோட்டானுக்கு ஏது தராசு?

தஞ்சாவூர் பக்கம் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளை எலெக்ட்ரானிக் தராசில் ஏற்றிக் கொண்டிருந்தார்கள். மூட்டைக்கு 40 கிலோ. கூட வந்த அக்கா மகன் கேட்டான்: "மாமா, புத்தகத்துல புரோட்டானோட எடை போட்டிருக்கே, அதை எந்தத் தராசுல வச்சாங்க?" நல்ல கேள்வி. பதிலைப் புரிந்து கொள்ள உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் உதவும். (நிறை என்பதே சரியான சொல். பழக்கத்தில் எடை என்கிறேன்.)

புரோட்டானுக்கு எலெக்ட்ரிக் சார்ஜ் உண்டு. சார்ஜ் உள்ள துகளை வலுவான காந்தப் புலத்தில் விட்டால் வட்டமடிக்கும். அது மேலும் கீழும் நழுவி ஓடாமல் இருக்க, இரு பக்கமும் மின்னழுத்தம் கொடுத்த தகடுகளை வைப்பார்கள். இந்தக் கூண்டின் பெயர் பென்னிங் ட்ராப். இதை உருவாக்கிய ஹான்ஸ் டெமெல்ட் 1989ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

ஒரே அளவு சார்ஜ் உள்ள இரண்டு துகள்களில் கனமானது மெதுவாகச் சுற்றும். ஆக, எடை போட வேண்டாம், சுற்றுகளை எண்ணினால் போதும்! 7200 ஆர்.பி.எம். ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 120 முறை சுற்றுகிறது. 7 டெஸ்லா காந்தத்தில் புரோட்டான் விநாடிக்குச் சுமார் 10 கோடியே 67 லட்சம் முறை சுற்றும்.

இதை எப்படி எண்ணுவது? சுற்றும் துகள் பக்கத்துத் தகடுகளில் மிக மெல்லிய மின்னோட்டத்தைத் தூண்டும். மைனஸ் 269 டிகிரி வரை குளிர்வித்த சர்க்யூட் அதைப் பிடிக்கும். அதிலுள்ள அதிர்வெண்களைக் கம்ப்யூட்டர் பிரித்துக் காட்டும். வினாம்ப்பில் பாட்டுக்கு ஏற்ப ஏறி இறங்கும் பட்டைகளைப் பார்த்திருப்பீர்களே, அதே வகைக் கணக்குதான்.

தராசுக்குப் படிக்கல் வேண்டுமல்லவா? இங்கே கார்பன்-12தான் படிக்கல். அதன் எடையில் 12ல் ஒரு பங்கே அணு நிறை அலகு. புரோட்டானையும் கார்பன் அணுக்கருவையும் ஒரே காந்தத்தில் மாறி மாறிச் சுற்ற விட்டு ஒப்பிடுவார்கள்.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் குழு 2017ல் இப்படிச் செய்தபோது ஒரு சிக்கல் வந்தது. அதுவரை உலகம் ஏற்றிருந்த எடை 1.007276466879. இவர்களுக்குக் கிடைத்ததோ 1.007276466583. வித்தியாசம் எவ்வளவு என்கிறீர்களா? 40 கிலோ மூட்டையில் ஒரு நெல்லின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு! 'போனால் போகட்டும்' என்று விட முடியாது. ஹைட்ரஜனை வைத்து இயற்பியல் விதிகளைச் சோதிக்கும் கணக்குகளில் இந்த எண் வருகிறது. எண் தவறானால் சோதனையும் தவறும். பிறகு நடந்த அளவீடுகளும் குறைந்த எடையின் பக்கமே நின்றன. 2022ஆம் ஆண்டின் கோடேட்டா பட்டியலில் உள்ள எண் 1.0072764665789. நம் நாட்டில் கொல்கத்தாவின் வேரியபிள் எனர்ஜி சைக்ளோட்ரான் சென்டரும் பென்னிங் ட்ராப் அமைக்கும் பணியை மேற்கொண்டது.

இப்போது எக்செல்லைத் திறந்து ஏ1 செல்லில் பழைய எண்ணையும் ஏ2வில் 2017 எண்ணையும் டைப் செய்யுங்கள். இரண்டும் ஒன்று போலவே தெரியும்! பயப்பட வேண்டாம், எக்செல் எதையும் தொலைக்கவில்லை. இரண்டு செல்களையும் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்து, ஃபார்மட் செல்ஸ், நம்பர் சென்று டெசிமல் பிளேசஸ் 12 என்று கொடுங்கள். காலத்தையும் சற்று அகலமாக்குங்கள். கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் வேறாக இருக்கும். ஏ3ல் =ஏ1-ஏ2 என்று ஆங்கில எழுத்தில் கொடுத்தால் 2.96இ-10 என்று வரலாம். அது எர்ரர் இல்லை. புள்ளியை 10 இடம் இடப்பக்கம் தள்ளிப் படியுங்கள் என்று அர்த்தம்.