கண்ணாடிப் பேழையில் சங்கீதம்

ஒரு தேசத்தின் மனநிலையை அறிய அதன் சட்டசபைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. வீட்டுக் கூடத்தில் வீற்றிருக்கும் ரேடியோப் பெட்டியும் அதைச் சொல்லும். ஜெர்மனியில் இருபத்து மூன்று வருஷ இடைவெளியில் தோன்றிய இரண்டு பெட்டிகளே இதற்குச் சாட்சி.

முதலாவது, 1933-ம் வருஷம் வெளிவந்த 'மக்கள் ரேடியோ'. வால்ட்டர் கெர்ஸ்டிங் என்பவர் அமைத்த பேக்லைட் பெட்டி. விலை 76 மார்க். அதன் மாதிரி எண்ணாகிய 301, ஹிட்லர் பதவியேறிய ஜனவரி 30-ம் தேதியைக் குறிப்பது. எளியவர் வீட்டிலும் ரேடியோ பாடுகிறதே என்று மகிழ்வதற்கில்லை. ஒரே மனிதனின் குரலை வீடுதோறும் கொண்டு சேர்ப்பதே அதன் நோக்கம். 1939-ல் யுத்தம் மூண்டதும், அயல்நாட்டு நிலையங்களைக் கேட்பதே குற்றமாயிற்று.

அந்த ஆட்சியை எதிர்த்துத் துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்ட குற்றத்திற்காக, ஹான்ஸ் ஷோல், ஸோபி ஷோல் என்ற அண்ணனும் தங்கையும் 1943-ல் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய தமக்கையார் வேறு சிலருடன் சேர்ந்து, அவ்விருவரின் நினைவாக, 1953-ல் உல்ம் நகரில் வடிவமைப்புக் கல்லூரி ஒன்றை நிறுவினார். நாள்தோறும் கையாளும் பொருள்களைச் செம்மையாக அமைப்பதும் ஜனநாயகத்துக்குச் செய்யும் தொண்டே என்பது அக்கல்லூரியின் கொள்கை.

ரேடியோ செய்துவந்த பிரௌன் கம்பெனியின் உரிமையாளர்களான சகோதரர்கள் அக்கல்லூரியின் உதவியை நாடினார்கள். அதன் பயனாக 1956-ல் பிறந்ததுதான் நமது இரண்டாவது பெட்டி: 'எஸ்.கே. 4'. கல்லூரி ஆசிரியர் ஹான்ஸ் கூகெலோட்டும், கம்பெனியில் வேலை பார்த்த இளைஞர் டீட்டர் ராம்ஸும் அமைத்தது. அக்காலத்து ரேடியோக்கள் மெருகேற்றிய மரமும் பித்தளை விளிம்புமாகக் கல்யாண மாப்பிள்ளை போல் ஜொலித்தன. இதுவோ வளைத்த வெள்ளைத் தகடு. இரு பக்கமும் எல்ம் மரப் பலகை. ஒலி வருவதற்கு முன்புறத்தில் சில பிளவுகள். ரிகார்டு சுழலும் தட்டும், திருகு குமிழ்களும் மேற்புறத்தில் வரிசையாக இருந்தன.

மூடியையும் முதலில் தகட்டினாலேயே செய்து பார்த்தார்கள். சங்கீதம் உரத்தபோது தகடும் சேர்ந்து கடகடத்தது. ராம்ஸ், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடியைப் போடச் சொன்னார். கடகடப்பு ஓய்ந்தது, மூடிய பெட்டியினுள்ளே இருப்பதும் தெரிந்தது. ஜெர்மானியக் குழந்தைக் கதையில், விஷ ஆப்பிள் தின்ற ராஜகுமாரியைக் குள்ளர்கள் கண்ணாடிப் பேழையில் வைப்பார்களல்லவா? அந்த ராஜகுமாரியின் சவப்பெட்டி என்றே இதற்குப் பரிகாசப் பெயர் ஏற்பட்டது. பரிகாசம் நிலைத்தது போலவே மூடியும் நிலைத்தது. பிற்பாடு எத்தனையோ கம்பெனிகளின் ரிகார்டுப் பெட்டிகள் அத்தகைய மூடியையே அணிந்துகொண்டன.

முதற்பெட்டி, கேட்பவன் கீழ்ப்படிவான் என்று எண்ணிச் செய்தது. இரண்டாவது, கேட்பவனுக்குச் சுயபுத்தி உண்டென்று நம்பிச் செய்தது. வீட்டுக்கு ஒரு சாதனம் வாங்கும்போது விலையையும் பளபளப்பையும் பார்க்கிறோம். அது நம்மை எப்படிப்பட்ட மனிதராக மதிக்கிறது என்பதையும் சற்றே பார்த்து வாங்கலாம்.