கல்திட்டையின் கணினி வடிவமும் முடிவுறு உறுப்புப் பகுப்பாய்வும்

கொடைக்கானலைச் சூழ்ந்த பழநி மலையின் பெருங்கற்காலக் கல்திட்டைகளை ஆங்லாட், நியூட்டன் ஆகியோரின் ஆய்வேடு 1928இல் விரிவாகப் பதிவுசெய்தது. நிறுத்திய பலகைக் கற்களின்மேல் மூடுகல் தன் எடையாலேயே நிலைபெறும் அமைப்பு இது. இதன் உறுதியை முடிவுறு உறுப்பு முறையால் கணிக்க, ஒளிப்பட அளவீட்டில் பெற்ற முப்பரிமாண வடிவத்தை முதலில் செப்பனிடல் வேண்டும்.

எஸ்டிஎல் கோப்பு நீள அலகைக் குறிப்பதில்லை. மில்லிமீட்டரில் அமைந்த வடிவத்தை மீட்டராகக் கொண்டால், தன்னெடையால் எழும் தகைவு 1000 மடங்காகிவிடும். அளவைச் சரிபார்த்தபின், புறப்பரப்பின் துளைகளை அடைத்து ஒவ்வொரு கல்லையும் தனித் திண்மமாக்க வேண்டும். பாசி, மண், சிறு சொரசொரப்பு ஆகியவற்றை நீக்கலாம், விரிசலை நீக்கலாகாது.

கற்களை ஒரே திண்மமாக இணைப்பதே பெரும்பிழை. இரு முனைகளில் தாங்கப்பெற்ற மூடுகல்லைத் தாங்குகற்களோடு இறுகப் பிணைந்ததாகக் கொண்டால், அதன் நடுவில் வளைவுத் திருப்புத்திறன் உண்மையளவில் மூன்றில் ஒரு பங்காகக்கூடக் கணிக்கப்படலாம். கல் இழுவிசையை மிகக் குறைவாகவே தாங்கும். ஆதலின் முறியும் நிலையிலுள்ள மூடுகல்லும் பாதுகாப்பானதாகத் தோன்றும். கற்களுக்கிடையே உராய்வுத் தொடுகையை வரையறுத்தல் இதனால் இன்றியமையாததாகிறது.